ஒரு டிராயிங்கோடு வாருங்கள்

கோயமுத்தூர் வட்டாரத்துப் பட்டறைக்காரர்கள், பவுண்டரிக்காரர்கள், பம்ப்செட் கம்பெனி முதலாளிமார்கள் எல்லோருக்கும், ஐ.டி.ஐ.யில் டர்னர் டிரேடு வாத்தியாராக இருந்து ஓய்வுபெற்ற ஒருவனின் வணக்கம்.

உங்களில் சிலர் என்னிடமே லேத் பிடிக்கப் படித்தவர்கள். கணபதியிலோ சின்னவேடம்பட்டியிலோ ஒரு சந்துக்குள் இரண்டு லேத்தும் ஒரு டிரில்லிங் மெஷினும் போட்டு, ஜாப் ஒர்க் எடுத்து, ராத்திரி ஷிஃப்டையும் நீங்களே பார்த்து மேலே வந்தவர்கள். இன்று உங்கள் ஷெட்டில் சி.என்.சி.யும் வி.எம்.சி.யும் வரிசையாக நிற்கின்றன. பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. வாத்தியார் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன். எங்காவது சுருக்கென்று இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கல்யாண வீட்டுப் பந்தியில் என்னைப் பார்த்தாலும் சரி, மெஷின் கண்காட்சியில் பார்த்தாலும் சரி, நீங்கள் கேட்பது ஒரே கேள்விதான். "ஏனுங்க சார், ஐ.டி.ஐ.யில பசங்களுக்கு என்னத்தச் சொல்லிக் குடுக்கறீங்க? மைக்ரோமீட்டர் புடிக்கத் தெரியலீங்களே!" வேலையில் இருந்த காலமெல்லாம் இதற்குச் சிரித்து மழுப்பியிருக்கிறேன். இப்போது பென்ஷன் வாங்குகிறேன். பதில் சொல்லலாம்.

முதலில் என் பக்கத்துத் தப்பு.

பல வருஷங்களுக்கு முன்னால் என் மாணவன் ஒருவன் ஒரு பம்ப் கம்பெனியில் சேர்ந்தான். 6305 பேரிங் உட்காரும் ஷாஃப்ட். பேரிங்கின் உள்விட்டம் 25 மில்லிமீட்டர். டிராயிங்கில் கே6 என்று போட்டிருந்தது. உங்களுக்குத் தெரியும், அப்படியென்றால் ஷாஃப்ட் 25.002க்குக் குறையவும் கூடாது, 25.015க்கு ஏறவும் கூடாது. இடைவெளி 13 மைக்ரான். தலைமுடியின் கனத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. பையன் மெஷினிலிருந்து கழற்றியவுடனேயே அளந்தான். 25.006 காட்டியது. சரி என்று தட்டில் அடுக்கினான். மறுநாள் பார்த்தால் பேரிங் இறுக்கமாகப் பிடிக்கவில்லை. அரை நாள் போட்ட ஷாஃப்ட் முழுக்க ஸ்கிராப்.

அவன் அளந்தது பொய்யில்லை. கூலண்ட் சரியாக விழாத மெஷின். ஷாஃப்ட் கைச்சூட்டுக்கு மேல் இருந்திருக்கிறது. 20 டிகிரி சூடு கூடினால் 25 மில்லி உருக்கு கிட்டத்தட்ட 6 மைக்ரான் பெருக்கும். ஆறியதும் அது 25.000. டாலரன்ஸுக்கு வெளியே போயாயிற்று. சூடு ஆறட்டும், அப்புறம் அள என்று நான் அவனுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. ஏன் சொல்லவில்லை? எங்கள் ஒர்க்‌ஷாப்பில் இருந்த மைக்ரோமீட்டரில் ஒரு கோடு என்பது 0.01 மில்லி, அதாவது 10 மைக்ரான். ஆரம்பப் பயிற்சிகளில் 0.06 மில்லி வரை விட்டுக்கொடுப்போம். அந்த அளவில் வேலை செய்யும் இடத்தில் 6 மைக்ரான் யார் கண்ணுக்குத் தெரியும்? நான் படித்தபோதும் அது தெரியவில்லை, சொல்லிக்கொடுத்தபோதும் தெரியவில்லை. கம்பெனியிலிருந்து அவனை அனுப்பிவிட்டு, "உங்க பையன் லாயக்கில்லை" என்று எனக்குப் போன் வந்த அன்றைக்குத்தான் தெரிந்தது.

அந்தப் போன் வந்ததில் எனக்கு வருத்தமில்லை. பையன் சேருவதற்கு முந்தைய இரண்டு வருஷத்தில் அந்தக் கம்பெனியிலிருந்து ஒரு ஆள்கூட எங்கள் ஒர்க்‌ஷாப் வாசலை மிதித்ததில்லை என்பதுதான் வருத்தம். அந்த மாதிரி ஸ்கிராப்பில் போன ஷாஃப்ட் இரண்டை முன்னமேயே கொண்டுவந்து என் மேஜையில் வைத்திருந்தால், அதை வைத்தே ஒரு வாரம் பாடம் நடத்தியிருப்பேன்.

பாடத்திட்டம் பழசு, டெல்லியில் உட்கார்ந்து எழுதுகிறார்கள், நம்ம ஊருக்கு ஒத்துவரவில்லை என்கிறீர்கள். பாதி உண்மை. டர்னர், ஃபிட்டர், மெஷினிஸ்ட் எல்லாம் நாடு முழுக்க ஒரே பாடத்திட்டம். குஜராத்தில் படிக்கிறவனும் கோவையில் படிக்கிறவனும் ஒரே தேர்வு எழுதுகிறான். அது இருக்கத்தான் வேண்டும், இல்லாவிட்டால் சான்றிதழுக்கு மதிப்பில்லை. ஆனால் அந்தப் பாடத்திட்டத்துக்குள் ஊரைக் கொண்டுவருவதற்கு இடம் இருக்கிறது. எந்த வேலையைக் கொடுத்து அந்தத் திறமையைப் பழக்குவது என்பதில் பெரும்பகுதி வாத்தியார் கையில். நாங்கள் எம்.எஸ். ராடை வாங்கி, ஸ்டெப் டர்னிங் போட்டு, டேப்பர் போட்டு, கடைசியில் அதையே மறுபடியும் குறைத்து அடுத்த பேட்ச் பையனுக்குக் கொடுப்போம். யாருக்கும் உதவாத உருப்படி. அதற்குப் பதில் உங்கள் பம்பின் இம்பெல்லர் காஸ்டிங்கை, நீங்கள் ஒதுக்கிப் போட்ட பிளோஹோல் விழுந்த உருப்படியை, பையன் சக்கில் மாட்டியிருந்தால் அவன் கை வேறு மாதிரி பழகியிருக்கும். வார்ப்பிரும்பின் மேல்தோல் டூல் முனையை எப்படித் தின்னும் என்று அவனுக்குத் தெரிந்திருக்கும். அந்த ரிஜெக்ட் காஸ்டிங்கை நீங்கள் திரும்ப உருக்கத்தான் போகிறீர்கள். எங்களுக்குப் பத்து நாள் இரவல் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்?

பட்டறையும் படிப்பும் கைகோப்பது நம்ம ஊருக்குப் புதுசும் இல்லை. பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிட்யூட் 1926இல் ஆரம்பித்தது. பம்பும் மோட்டாரும் செய்யும் இடமும் பிள்ளைகள் படிக்கும் இடமும் அங்கே ஒன்றாகவே வளர்ந்தன. 1930களில் பைக்காரா மின்சாரம் வந்தபின் மில்லும் பம்பும் பெருகிய ஊர் இது. 1937இல் இந்தியாவின் முதல் மின்மோட்டாரைச் செய்த ஊர் என்று இன்றும் மேடையில் பேசுகிறோம். 1945இல் ஜி.டி. நாயுடு பணமும் இடமும் கொடுத்து அன்றைய கவர்னர் ஆர்தர் ஹோப் பேரில் தொழில்நுட்பக் கல்லூரி வந்தது. நாயுடுவே முதல்வராகவும் உட்கார்ந்தார். நாலு வருஷப் படிப்பு வீண், இரண்டு வருஷம் போதும் என்று அவர் சொல்ல, அரசு ஒத்துக்கொள்ளாமல், அவர் விலகினார் என்பது இங்கே எல்லோருக்கும் தெரிந்த கதை. கல்லூரி அரசுக் கல்லூரியாகித் தடாகம் ரோட்டுக்குப் போய்விட்டது. ஹோப் காலேஜ் என்ற பஸ் ஸ்டாப் மட்டும் அவிநாசி ரோட்டில் நிற்கிறது. அதே ரோட்டில் 2025 அக்டோபரில் திறந்த பத்து கிலோமீட்டர் மேம்பாலத்துக்கு நாயுடு பேரை வைத்துவிட்டோம். அவர் போட்ட சண்டையை அப்படியே விட்டுவிட்டோம்.

இரண்டு வருஷமா நாலு வருஷமா என்பதில் அவர் சொன்னது முழுக்கச் சரியென்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அவர் வெளியே நின்று குறை சொல்லவில்லை. உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்து சண்டை போட்டார். இன்றைக்கு உங்களில் எத்தனை பேர் உங்கள் பகுதி ஐ.டி.ஐ.யின் நிர்வாகக் குழுவில் இருக்கிறீர்கள்? இருக்கிறவர்களில் எத்தனை பேர் கூட்டத்துக்கு வந்திருக்கிறீர்கள்? பேர் கொடுத்துவிட்டு, கூட்டத்துக்கு மேனேஜரை அனுப்பி, அவர் டீ குடித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

ஜெர்மனிக்குப் போய் வந்த முதலாளிகள் அங்கத்துப் பயிற்சிமுறையை ஆகா ஓகோ என்று புகழ்கிறீர்கள். நியாயமான புகழ்ச்சிதான். அங்கே பயிற்சிப் பையன் வாரத்தில் பெரும்பகுதி கம்பெனியில்; மீதி நாள் பள்ளியில். மூன்று, மூன்றரை வருஷம். ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விடுகிறீர்கள்: அங்கே கடைசித் தேர்வை நடத்துவது தொழில் வர்த்தக சபை. கேள்வி கேட்கவும் உருப்படியைத் திருத்தவும் கம்பெனி ஆட்களே நேரம் ஒதுக்கி உட்காருகிறார்கள். பையனுக்குச் சம்பளமும் கம்பெனியே கொடுக்கிறது. அந்த முறையின் செலவில் பெரும்பங்கு முதலாளியின் தலையில்.

நம்மிடமும் சட்டம் இருக்கிறது. அப்ரண்டிஸ் சட்டம் 1961இலேயே வந்துவிட்டது. 2019 விதித் திருத்தப்படி 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடம், ஆட்களின் எண்ணிக்கையில் நூற்றுக்கு 2.5 முதல் 15 வரை அப்ரண்டிஸ் எடுத்தே ஆக வேண்டும். நாலு பேர் இருக்கிற பட்டறைகூட விரும்பினால் எடுக்கலாம். கொடுக்கிற உதவித்தொகையில் நாலில் ஒரு பங்கு, மாதம் 1,500 ரூபாய் வரை, மத்திய அரசு கொடுக்கிறது. எடுக்கிறீர்கள். இல்லையென்று சொல்லவில்லை. எடுத்து என்ன செய்கிறீர்கள்?

என் மாணவன் ஒருவன் ஒரு வருஷம் அப்ரண்டிஸ் முடித்துவிட்டு என்னைப் பார்க்க வந்தான். "என்ன கண்ணு கத்துக்கிட்டே?" என்றேன். "பச்சை பட்டன் சார்" என்றான். ஜாப்பை மாட்டு, கதவை மூடு, பச்சை பட்டனை அமுக்கு, எடு. ஒரு வருஷம் இதுதான். ஆஃப்செட் மாற்றுவது செட்டரின் வேலை. அவர் இவனைப் பக்கத்திலேயே விடவில்லை. விட்டால் தன் இடம் போய்விடும் என்ற பயம் அவருக்கு. அதிலும் நியாயம் இருக்கிறது. இப்போது அந்தப் பையன் காந்திபுரத்தில் சாப்பாட்டு டெலிவரி ஓட்டுகிறான். ஆள் கிடைக்கவில்லை என்று நீங்கள் புலம்பும் அதே ஊரில்தான் ஓட்டுகிறான்.

செட்டரைக் குறை சொல்லாதீர்கள். ஒரு பையனைத் தயார் செய்துகொடுத்தால் அவருக்கு மாதம் இவ்வளவு கூடுதல் என்று நீங்கள் சொன்னால் அவர் கதவைத் திறப்பார். இதற்கு அரசாணை தேவையில்லை.

அரசு தன் பங்குக்குச் செய்துகொண்டுதான் இருக்கிறது. அரசு ஐ.டி.ஐ.யில் பயிற்சிக் கட்டணம் இல்லை. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, பஸ் பாஸ், சைக்கிள். அரசுப் பள்ளியில் படித்து வந்த பெண்பிள்ளைகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம். பையன்களுக்கு 2024 ஆகஸ்டிலிருந்து தமிழ்ப் புதல்வன் ஆயிரம். 71 அரசு ஐ.டி.ஐ.க்களில் டாடா டெக்னாலஜிஸோடு சேர்ந்து 2,877 கோடி ரூபாய்த் திட்டத்தில் ரோபாட்டும் நவீன சி.என்.சி.யும் வந்திருக்கின்றன. பழைய பெல்ட் லேத்தில் படித்த எனக்கு, அந்த ஹாலுக்குள் முதல்முறை நுழைந்தபோது செருப்பைக் கழற்றி வைக்கலாமா என்று தோன்றியது. ஆனாலும் ஒரு சந்தேகம் கேட்டேன். இந்த ரோபாட் எதைத் தூக்கி எங்கே வைக்கப் பழகுகிறது? டெமோ கட்டையை. உங்கள் ஃபெட்லிங் செக்‌ஷனில் மோட்டார் பாடியைத் தூக்கித் திருப்ப ஆள் கிடைக்கவில்லை. இங்கே ரோபாட் மரக்கட்டையைத் தூக்கி விளையாடுகிறது. நடுவில் ஐந்தாறு கிலோமீட்டர்தான் தூரம்.

பயிற்சியில் ஒரு பகுதியை ஐ.டி.ஐ.யிலும் மறுபகுதியைக் கம்பெனியிலும் நடத்தும் இரட்டைப் பயிற்சித் திட்டம் 2016இலிருந்து இருக்கிறது. கம்பெனியே தனக்கு வேண்டிய படிப்பை வடிவமைத்து அரசோடு ஒப்பந்தம் போடும் ஃபிளெக்ஸி எம்.ஓ.யூ. 2014இலேயே வந்தது. பெரிய கார் கம்பெனிகள் இதையெல்லாம் வக்கீல் வைத்துப் படிக்கும். உங்களைப் போன்ற இருபது ஆள் பட்டறைக்கு ஃபைல் தூக்க நேரமில்லை என்பது எனக்குத் தெரியும். தனியாகத் தூக்க வேண்டாம். ஒரே தெருவில் பத்துப் பட்டறை இருக்கிறது. பத்துப் பேரும் சேர்ந்து ஒரு பேட்ச் இருபது பையன்களைப் பங்கு போட்டுக்கொள்ளுங்கள், ஆளுக்கு இரண்டு. உங்களுக்குச் சங்கங்களுக்கா பஞ்சம்? கொடிசியா 1969இலிருந்து இருக்கிறது. வருஷா வருஷம் மின்கட்டணத்துக்காகச் சென்னைக்குப் போகும் அந்த வேனில், இந்த ஒரு கோரிக்கையையும் ஏற்றிக்கொண்டு போங்கள்.

பவுண்டரிக்காரர்களுக்குத் தனியாகக் கொஞ்சம்.

முன்பு மோல்டர் என்று இருந்த டிரேடு இப்போது ஃபவுண்ட்ரிமேன். ஒரு வருஷப் படிப்பு. பெற்றோர் பிள்ளையைச் சேர்க்க வரும்போது நான் அந்தப் பேரைச் சொன்னாலே, "கரி வேலைங்களா?" என்று முகம் சுளிப்பார்கள். அவர்கள்மேல் தப்பில்லை. நீங்களே உங்கள் பையனை பவுண்டரித் தளத்தில் இறக்குவதில்லை, எம்.பி.ஏ. படிக்க வைத்து ஆபீஸில் உட்கார வைக்கிறீர்கள். இன்று அரசூர்ப் பக்கத்தில் மோல்டிங் பாக்ஸைத் திருப்புகிறவர் ஒடிசாக்காரர். கோர் போடுகிறவர் பீகார்க்காரர். நல்ல உழைப்பாளிகள். பண்டிகைக்கு ஊருக்குப் போனால் ஒரு மாதம் உங்கள் உற்பத்தி படுத்துவிடுகிறது. அவர்களில் நாலைந்து வருஷமாகத் தொழில் செய்கிறவர்களுக்கு ஒரு சான்றிதழ் கூடக் கிடையாது. சூப்பர்வைசர் ஆகும் வழியும் கிடையாது.

உங்களுக்கு உண்மையில் என்ன ஆள் வேண்டும் என்று கேட்டுக் கேட்டுப் பார்த்திருக்கிறேன். பாக்ஸ் தூக்க மெஷின் வந்துவிட்டது. மண் தெரிந்த ஆள்தான் கிடைப்பதில்லை. கிரீன் சாண்டில் ஈரம் நூற்றுக்கு மூன்று நாலுக்குள் நிற்கிறதா, காற்று வெளியேற இடம் இருக்கிறதா, பென்டோனைட் எவ்வளவு, மழைநாளில் தண்ணீரை எவ்வளவு குறைப்பது என்று தெரிந்த ஆள். ஈரம் கொஞ்சம் ஏறினால் ஆவி வெளியேற வழியில்லாமல் உருப்படிக்குள் பிளோஹோல். அது மெஷினிங்கில் கடைசிக் கட்டிங்கில்தான் தெரியும். அதற்குள் உங்கள் கரண்டும் கூலியும் போயிருக்கும். இதைச் சோதிக்கும் சின்ன லேப் உங்களில் பலரிடம் இருக்கிறது. காலையில் ஒருமுறை டெஸ்ட் எடுத்து நோட்டில் எழுதியதோடு சரி, மத்தியானம் பூட்டிக் கிடக்கிறது. அந்த மத்தியான நேரத்தை எங்கள் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். கரி வேலை என்று ஓடுகிற பையனும், சேரவே தயங்குகிற பெண்பிள்ளையும், மண் பரிசோதனை, ஸ்பெக்ட்ரோமீட்டர் என்றால் வருவார்கள். வந்தபின் தளத்துக்கு இறங்குவார்கள். நான் பார்த்திருக்கிறேன்.

பெண்பிள்ளைகள் என்றதும் இன்னொன்று. மோட்டாருக்கு வைண்டிங் போடும் வேலை நம்ம ஊரில் யார் கையில் இருக்கிறது? உங்கள் ஷெட்டின் பின்பக்கம் வரிசையாக உட்கார்ந்து ஸ்டேட்டர் ஸ்லாட்டுக்குள் காயில் இறக்குகிற அம்மாக்கள், அக்காக்கள் கையில். ஒரு சுற்று பிசகினால் கைக்குத் தெரியும் அவர்களுக்கு. எலக்ட்ரீஷியன் டிரேடில் இரண்டு வருஷம் படித்து வருகிற பையனைவிட அவர்களுக்கு வைண்டிங் நன்றாகத் தெரியும். அவர்களிடம் ஒரு துண்டுச் சான்றிதழும் இல்லை. முன் அனுபவத்தைச் சோதித்துச் சான்று கொடுக்கும் ஏற்பாடு அரசிடம் இருக்கிறது. நீங்கள் ஒரு நாள் சம்பளத்தோடு அவர்களைத் தேர்வுக்கு அனுப்ப வேண்டும், அவ்வளவுதான். வாரம் ஒரு நாள் அந்த அம்மாக்களில் ஒருவரை எங்கள் எலக்ட்ரீஷியன் ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்புங்கள். வாத்தியாரும் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து படிக்கட்டும்.

உங்களில் சிலருக்குப் பிடிக்காத ஒரு விஷயமும் பாக்கி இருக்கிறது. "எங்க மெஷினுக்கு மட்டும் மூணு மாசத்துல ஆள் தயார் பண்ணிக் குடுங்க" என்று கேட்கிறீர்கள். அப்படித் தயார் செய்துகொடுக்க நான் ஒருபோதும் சம்மதிக்கமாட்டேன். ஐ.டி.ஐ.யில் ஒரு காலத்தில் ரேடியோ, டி.வி. மெக்கானிக் என்று ஒரு டிரேடு இருந்தது. பையன்கள் முட்டிமோதிச் சேருவார்கள். பிக்சர் டியூப் டி.வி. போனதும் அந்த டிரேடும் போனது. டியூப் மாற்ற மட்டும் தெரிந்தவன் கடையை மூடினான். சர்க்யூட் படிக்கத் தெரிந்தவன் யு.பி.எஸ்.ஸுக்கும் சோலார் பம்ப் கன்ட்ரோலருக்கும் மாறிக்கொண்டான். மூன்று மாதத்தில் உங்கள் மெஷினுக்கு மட்டும் செய்த ஆள், நீங்கள் மெஷினை மாற்றும் நாளில் தெருவுக்கு வருவான். ராவுவதும், அளப்பதும், டிராயிங் படிப்பதும் இரண்டு வருஷப் பயிற்சியில் வரும் அடிப்படை. அதைக் குறைக்கக் கேட்காதீர்கள். முதல் மூன்று மாதம் பையன் இரும்புக் கட்டையை ராவிக்கொண்டே இருக்கிறானே என்று சிரிக்காதீர்கள். கையில் வருகிற அந்தப் பொறுமைதான் பின்னால் 13 மைக்ரானில் உதவும். வட்டாரத்துக்கு ஏற்ற படிப்பு என்றால் இந்த வட்டாரத்தில் எந்தப் பட்டறைக்குப் போனாலும் பிழைத்துக்கொள்கிற படிப்பு. உங்கள் பட்டறையை விட்டுப் பக்கத்துப் பட்டறைக்கு அவன் போவான். போகட்டும். அங்கிருந்து ஒருவன் உங்களிடம் வருவான்.

அவன் போகக் கூடாதென்றால் வழி உங்கள் சம்பளப் பட்டியலில் இருக்கிறது. இரண்டு வருஷம் ஐ.டி.ஐ., ஒரு வருஷம் அப்ரண்டிஸ் முடித்தவனுக்கும் நேற்று வந்த ஹெல்பருக்கும் ஆயிரம் ஐந்நூறு வித்தியாசத்தில் சம்பளம் போட்டால், சான்றிதழுக்கு என்ன மதிப்பு என்று அவன் அப்பா கேட்பார். என்னிடம் கேட்டிருக்கிறார்கள். என்னிடம் பதில் இல்லை.

ஆகஸ்டில் புதுப் பிள்ளைகள் சேருவார்கள். அதற்குமுன், உங்கள் பட்டறைக்குப் பக்கத்தில் எந்த ஐ.டி.ஐ. இருக்கிறதோ அங்கே ஒரு காலை நேரம் போய் வாருங்கள். மாலை, பொன்னாடை, மேடைப்பேச்சு எதுவும் வேண்டாம். கையில் ஒரு டிராயிங்கும், பையில் நீங்கள் ரிஜெக்ட் செய்த இரண்டு உருப்படிகளும் போதும். வாத்தியார் முதலில் கூச்சப்படுவார். இதுவரை யாரும் வந்ததில்லை அவரிடம். மேஜைமேல் உருப்படியை வைத்து, எங்கே தப்பாகப் போனது என்று சொல்லுங்கள். மிச்சத்தை அவர் பார்த்துக்கொள்வார். என்னைக் கூப்பிட்டால் நானும் வருகிறேன். மைக்ரோமீட்டர் என்னுடையதையே கொண்டுவருகிறேன்.